ரெக்கேவ வேகமா வாசிச்சா அது ஸ்காவா?

#1 கொட்டிவாக்கம்பேஸ்

வணக்கம் மக்களே. நான் பேஸ் கிடார் வாசிக்கிறவன், சனி ஞாயிறு நாலு பேரு சேர்ந்து ஒரு மொட்டமாடி ரூம்ல ஜாம் பண்ணுவோம். போன வாரம் எங்க கிடாரிஸ்ட் ஒரு பாட்டு கொண்டு வந்தான், இதான்டா ஸ்கான்னான். நான் கேட்டுட்டு இது பாப் மார்லி பாடற ஜமைக்கா ரெக்கேவ ஸ்பீடா ஓட்டுன மாதிரி தானே இருக்குன்னேன், அவன் இல்லவே இல்ல இது பங்க் ராக்குக்கு தம்பி, அமெரிக்கால தொண்ணூறுகள்ல வந்ததுன்னான், ட்ரம்மர் நடுவுல பூந்து இது இங்கிலாந்துக்காரன் சரக்கு, கருப்பு வெள்ளை கட்டம் போட்டு ஒல்லி டை கட்டிட்டு ஆடுவானுங்களே அதுன்னான். மூணு பேரு மூணு நாடு. கடைசில ஜாமும் நடக்கல, டீ குடிச்சிட்டு கலைஞ்சோம். தெரிஞ்சவங்க சொல்லுங்க ப்ளீஸ். லிங்க் போடாதீங்க, லிங்க்க நானே தேடிக்குவேன், கேட்டு ஊறினவங்க வாயால வரணும்.

#2 சும்மாவந்தேன்

ஸ்கேன் சென்டர் பத்தின இழைன்னு நெனச்சு உள்ள வந்துட்டேன். பரவால்ல துண்டு போட்டாச்சு.

#3 பழையரிக்கார்டு

தம்பி, கேள்விய அப்டியே கவுத்துப் போடுங்க. ஸ்காவ மெதுவாக்கி மெதுவாக்கி தான் ரெக்கே வந்துச்சு. ஸ்கா தாத்தா, ராக்ஸ்டெடி அப்பா, ரெக்கே பேரன். பாப் மார்லியே ஆரம்பத்துல பாடினது ஸ்கா தான். ஊரு ஜமைக்கா, அதுல கிங்ஸ்டன், காலம் 1950கள் கடைசி. உங்க கிடாரிஸ்ட்டும் ட்ரம்மரும் பொய் சொல்லல, படத்துக்கு இன்டர்வல்ல வந்து உக்காந்தவங்க, அவ்ளோ தான்.

நீளமா போகும், பொறுத்துக்கங்க. அப்ப கிங்ஸ்டன்ல சாதாரண ஜனத்துக்கு ஹோட்டல்ல போயி பேண்டு கேக்க வசதி கிடையாது, அதனால சவுண்டு சிஸ்டம்னு ஒண்ணு கிளம்புச்சு. நம்மூரு மைக் செட்டுக்காரர் மாதிரின்னு வெச்சுக்கங்க, ஆனா கல்யாணத்துக்கு வாடகைக்கு வர்ற ஆளு இல்ல, அவரே தான் ராஜா, அவரு பேர சொல்லி தான் கூட்டம் வரும். அலமாரி சைஸ்ல ஸ்பீக்கர் பொட்டி, ஒரு டர்ன்டேபிள், ஒரு திறந்தவெளி, வாசல்ல டிக்கெட், உள்ள ரம்மும் பீரும். சரக்கு வித்த காசு தான் மெயின் வருமானம். முதல் பெரிய பேரு டாம் தி கிரேட் செபாஸ்டியன், ஆளு ஹார்டுவேர் கடை வெச்சிருந்த சீன வம்சாவளி ஜமைக்கர் டாம் வாங். அவருக்கு ஆம்ப்ளிஃபயர் செஞ்சு கொடுத்தவர் ஹெட்லி ஜோன்ஸ், இரண்டாம் உலகப் போர்ல பிரிட்டிஷ் விமானப்படைல ரேடார் வேலை பாத்துட்டு வந்த மனுஷன். அந்த பேஸ் சத்தத்துக்கு அப்பா யாருன்னு கேட்டா நான் அவர தான் கைகாட்டுவேன், ஒருத்தரும் அவர் பேர சொல்ல மாட்டாங்க.

அப்பறம் ரெண்டு பூதம். ஒண்ணு டூக் ரீட், மாஜி போலீஸ்காரர், சாராயக் கடை ஓனர், இடுப்புல துப்பாக்கியோட தான் டான்ஸுக்கு வருவாரு. இன்னொண்ணு கிளமென்ட் டாட், எல்லாரும் கோக்சன்னு கூப்பிடுவாங்க, ஸ்கூல்ல நல்லா கிரிக்கெட் ஆடுவாருன்னு யார்க்‌ஷயர் பிளேயர் அலெக் காக்ஸன் பேர பசங்க ஒட்டி விட்டுட்டாங்க. இவங்க போட்டதெல்லாம் அமெரிக்க ரிதம் அண்டு ப்ளூஸ் ரிக்கார்டு. எவன்கிட்ட இல்லாத பாட்டு என்கிட்ட இருக்குங்கறது தான் போட்டியே, அதனால வாங்கிட்டு வந்த உடனே லேபிள சுரண்டி எடுத்துருவாங்க, பேரு தெரியக்கூடாதுல்ல. வில்லிஸ் ஜாக்சன்னு ஒரு சாக்ஸபோன்காரர் பாட்டுக்கு கோக்சன் வெச்ச கள்ளப்பேரு கோக்சன் ஹாப். ரொம்ப நாள் அது அவர்கிட்ட மட்டும் தான் இருந்துச்சு, எப்டியோ டூக் ரீட் நிஜப்பேர கண்டுபிடிச்சு தன்னோட செட்டுல போட்டாரு பாருங்க, கோக்சன் மயக்கம் போடாத குறை.

#4 கொட்டிவாக்கம்பேஸ்

சார் செம. ஆனா இது வரைக்கும் எல்லாம் அமெரிக்கா பாட்டு தானே, இதுல ஜமைக்கா எங்க வருது?

#5 பழையரிக்கார்டு

அமெரிக்கால ரசனை ராக் அண்டு ரோல் பக்கம் சாஞ்சிருச்சு. கிங்ஸ்டன்காரனுக்கு புடிச்ச அந்த ஆடி ஆடி போற ஷஃபிள் டைப் பாட்டு வர்றது கொறஞ்சு போச்சு. டான்ஸுக்கு புதுசா போட ஒண்ணும் இல்ல. சரி, வெளில கிடைக்கலன்னா நாமளே செஞ்சுக்குவோம்னு கென் கூரி வெச்சிருந்த ஃபெடரல் ஸ்டூடியோல உள்ளூர் ஆளுங்கள வெச்சு பதிவு பண்ண ஆரம்பிச்சாங்க. முதல்ல விக்கற ஐடியாவே இல்ல, ஒரே ஒரு தட்டு வெட்டி தன்னோட செட்டுல மட்டும் போடறதுக்கு. ஜனம் அதையே திரும்ப திரும்ப கேட்டதும் தான் ஓஹோ இதுல காசு இருக்குன்னு புரிஞ்சுது. தியோஃபிலஸ் பெக்ஃபோர்டு பியானோ வாசிச்சு பாடின ஈஸி ஸ்னாப்பின் 1959ல கடைக்கு வந்துச்சு, அதை போட்டு கேளுங்க. முழு ஸ்கா இல்ல. ஆனா பியானோ எங்க விழுதுன்னு கவனிங்க, அங்க தான் வெதை.

#6 மிருதங்கமணி

இடைல வர்றேன், மன்னிக்கவும். தாளம் பத்தி யாரும் சொல்லலையே.

பேஸ் தம்பி, தகதிமி தகதிமின்னு நாலு தடவ சொல்லுங்க, ஒவ்வொரு "த" மேலயும் கால தட்டுங்க. இப்ப "தி" வருது பாருங்க, கால் மேல இருக்கற நேரம், அங்க மட்டும் கிடார் டக்குனு வெட்டணும், வெட்டின உடனே விரல லேசா தூக்கி சத்தத்த கொன்னுடணும். பியானோவும் அங்கயே, பல பாட்டுல சாக்ஸும் அங்கயே. அவ்ளோ தான் ஸ்கா. நம்ம ஆளுங்க பல்லவில அரை இடம் தள்ளி எடுப்பு, அதான் பாட்டு ஆரம்பிக்கற இடம், வெப்பாங்கல்ல, ஆனா அங்க எடுப்பு மட்டும் தான் தள்ளி, இங்க பாட்டு முழுக்க ஒரு ஆளு அந்த அரை இடத்துலயே குடியிருக்கான். உங்க பேஸ் மட்டும் ஒவ்வொரு தட்டுலயும் நடந்துட்டே இருக்கும், ஜாஸ்ல நடக்கற மாதிரி. நீங்க தரைல நடக்க, கிடாரிஸ்ட் காத்துல குதிக்க.

#7 கொட்டிவாக்கம்பேஸ்

இப்பவே உக்காந்து தட்டி பாத்தேன், "தி" மேல கை போகுது, கால் நின்னுடுது. பக்கத்து வீட்டு ஆன்ட்டி எட்டி பாக்கறாங்க.

#8 கடல்காத்து

பழையரிக்கார்டு அண்ணன் சொல்றதுல பாதி தான் சரி. எல்லாரும் அமெரிக்கால இருந்து வந்ததுன்னே எழுதறாங்க. ஜமைக்கால அதுக்கு முன்னாடியே மென்டோன்னு நாட்டுப்புற பாட்டு இருந்துச்சு, பாஞ்சோ, கிடார், அப்புறம் ரம்பா பாக்ஸ்னு ஒரு மரப்பொட்டி, அது மேல உக்காந்து இரும்பு பட்டைய விரலால தட்டுவாங்க, அதான் பேஸ். அந்த பாஞ்சோ அடிக்கறதுலயே ஆஃப்பீட், அதான் மணி சார் சொன்ன "தி" மேல விழற அடி, அந்த வாசம் இருக்கு. இதுல ஊறி வளந்த கை ப்ளூஸ் வாசிச்சா எடை மாறி தானே விழும்? அப்பறம் பிரின்ஸ் பஸ்டர்னு இன்னொரு சவுண்டு சிஸ்டம்காரர், பாடகரும் கூட, 1960 வாக்குல ஃபோக்ஸ் பிரதர்ஸ வெச்சு எடுத்த ஓ கரோலினா, அதுல கவுன்ட் ஓஸியோட ராஸ்தா டிரம் ஆளுங்க வாசிச்சிருக்காங்க. ராஸ்தாங்கறது ஜமைக்கால பொறந்த ஒரு மத இயக்கம், அந்த காலத்துல ராஸ்தாக்காரங்கன்னா ஊரே முகம் சுளிக்கும், அவங்கள ஸ்டூடியோக்கு கூட்டிட்டு வந்ததே பெரிய தில்லு. 1993ல ஷாகி பாடி ஹிட்டாச்சே, அதே பாட்டு தான்.

#9 பழையரிக்கார்டு

கடல்காத்து, மென்டோவ நான் மறுக்கல. ஆனா அந்த காலத்து ஜமைக்கா ப்ளூஸ் ரிக்கார்டுகள வரிசையா கேட்டா ஷஃபிள் ஆட்டத்துல அந்த ரெண்டாவது பாதி மட்டும் கொஞ்சம் கொஞ்சமா வீங்கறது காதுலயே தெரியும். ஃபேட்ஸ் டாமினோ, ராஸ்கோ கார்டன் பியானோல ஏற்கனவே இருந்த சின்ன உதறல இவங்க பெருசாக்கிட்டாங்க. மென்டோ நேரா மாறி ஸ்கா ஆச்சுன்னா நடுவுல பத்து வருஷம் ஏன் எல்லாரும் ப்ளூஸ் பாடிட்டு இருந்தாங்க?

#10 கடல்காத்து

ஏன்னா ப்ளூஸ் பாடினா டான்ஸுக்கு ஆளு வரும், மென்டோன்னா பட்டிக்காடு, டூரிஸ்ட்டுக்கு ஹோட்டல்ல வாசிக்கறதுன்னு ஒரு எளக்காரம். வெளில காமிச்சுக்கல, ஆனா கைல இருந்துச்சு. சரி விடுங்க, இது முடியாது.

#11 திசையன்விளைட்ரம்பெட்

ஏ மக்கா, எல்லாம் பேசுதிய, பீப்பி ஊதுனவன பத்தி ஒரு வார்த்த கெடையாது. நான் எங்க ஊரு கோயில் பேண்டுல ட்ரம்பெட் வாசிக்குதேன், அதனால எனக்கு ஸ்கான்னா முதல்ல ஆல்ஃபா ஸ்கூல் தான்.

கிங்ஸ்டன்ல ஆல்ஃபா பாய்ஸ் ஸ்கூல்னு ஒண்ணு, கன்யாஸ்திரிமாரு நடத்துனது, 1880ல ஆரம்பிச்சது. ஏழப் பிள்ளைய, தாய் தகப்பன் இல்லாதவன், சேட்ட தாங்காம கொண்டு விட்டவன் எல்லாம் அங்க தான். தையலு, செருப்பு தைக்க, அச்சு வேலைன்னு ஏதாவது தொழில் கத்துக் குடுப்பாவ, கூடவே பேண்டு. பட்டாளத்து பேண்டு மாதிரி நோட்ட பாத்து வாசிக்க கட்டாயம். அங்க சிஸ்டர் மேரி இக்னேஷியஸ்னு ஒரு அம்மா, 1939ல இருந்து 2003ல சாவுற வரைக்கும் அந்த பிள்ளைய கூடவே இருந்தாவ. ஜாஸ், ப்ளூஸ், கிளாசிக்கல்னு ரிக்கார்டா வாங்கிக் குமிச்சு பிள்ளையளுக்கு போட்டு காட்டுவாவளாம், கடைசில ஒரு சவுண்டு சிஸ்டமே வெலைக்கு வாங்கி பள்ளிக்கூடத்துல வெச்சாச்சு. கன்யாஸ்திரி டிஜே வே, நெனச்சு பாருங்க!

அங்கருந்து வந்தவிய தான் ட்ராம்போன் டான் டிரம்மண்டு, சாக்ஸ் டாமி மெக்குக், லெஸ்டர் ஸ்டெர்லிங், ட்ரம்பெட் ஜானி மூர், அப்பறம் ரிக்கோ ரோட்ரிகஸ். ரிக்கோவுக்கு அந்த ஸ்கூல்லயே ட்ராம்போன் சொல்லிக் குடுத்தது டிரம்மண்டு தான். 1964ல இவியளும் இன்னும் சில பேரும் சேந்து ஸ்கேட்டலைட்ஸ்னு பேண்டு. ராக்கெட்டு சாட்டிலைட்டுன்னு உலகமே வாயப் பொளந்துட்டு இருந்த நேரம், அதான் பேரு அப்படி. கோக்சனுக்கும் ரீடுக்கும் எல்லாருக்கும் வாசிச்சது இந்த ஆளுவ தான், பாப் மார்லியோட வெய்லர்ஸ் குரூப் பாடின சிம்மர் டவுன்ல பின்னாடி ஊதுறது இவிய தான். பாடினவன் பேரு உலகத்துக்கே தெரியும், ஊதுனவன் பேரு? அன்னைக்கு கூலிய வாங்கிட்டு வீட்டுக்கு போ. எங்க பேண்டுலயும் அதே கத தான், அது கெடக்கு.

#12 நடுநிசிநாய்

டிரம்மண்டு பத்தி சொன்னதும் ஒண்ணு சொல்லணும். 1965 புத்தாண்டு நேரத்துல அவர் கூட வாழ்ந்த மார்கரீட்டாங்கற அனிதா மஹ்ஃபூத அவரே கத்தியால குத்தி கொன்னுட்டாரு. மனநிலை சரியில்லன்னு கோர்ட்டு சொல்லி பெல்வியூ ஆஸ்பத்திரில வெச்சு 1969ல அங்கயே இறந்தாரு. எந்த ஸ்கா கட்டுரைய எடுத்தாலும் "ஐயோ எப்பேர்ப்பட்ட மேதை, இப்படி ஆயிட்டாரே"ன்னு ஒரு பத்தி இருக்கும், அந்த பொண்ணுக்கு "ஒரு டான்ஸர்"னு ரெண்டு வார்த்த. அவங்க கிங்ஸ்டன்ல பேரு வாங்கின ரம்பா டான்ஸர், சொந்தமா பாடி ரிக்கார்டும் பண்ணிருக்காங்க, உமன் எ கம்னு தேடி கேளுங்க. அந்த குரல கேட்டதுக்கு அப்பறம் எனக்கு டிரம்மண்டு ட்ராம்போன் பழைய மாதிரி கேக்கல.

#13 திசையன்விளைட்ரம்பெட்

சரியா சொன்னிய. நானும் அந்த ரெண்டு வார்த்த ஆளு தான், இன்னைக்கு கேக்குதேன். பேண்டு 1965 ஆகஸ்டுல கலைஞ்சு போச்சு, ஒண்ணரை வருசம் கூட ஓடல. அதுக்குள்ள அவ்வளவு ரிக்கார்டு.

#14 சும்மாவந்தேன்

இவ்ளோ சீரியஸா போகும்னு தெரியாது. ஒரு டவுட்டு, ஸ்கான்னா என்ன அர்த்தம்?

#15 பழையரிக்கார்டு

ஆளாளுக்கு ஒரு கதை. எர்னஸ்ட் ராங்லின் கிடார் வெட்டற சத்தத்த வாயால ஸ்கா ஸ்கான்னு சொல்லி காமிச்சதுல வந்துச்சும்பாங்க. க்ளூயட் ஜான்சன்னு ஒரு பேஸ்காரரு பாக்கறவனையெல்லாம் ஸ்கவூவின்னு கூப்பிட்டதுல வந்துச்சும்பாங்க. ஸ்கேட்டலைட்ஸ்ல கீபோர்டு வாசிச்ச ஜாக்கி மிட்டூ என்ன சொன்னாருன்னா, நாங்க ஸ்டாயா ஸ்டாயான்னு தான் சொல்லிட்டு இருந்தோம், பைரன் லீ தான் ஸ்கான்னு ஆக்கினாருன்னு. எனக்கு சத்தத்துல வந்த கதை தான் புடிச்சிருக்கு, கொட்டுன்னா கொட்டற சத்தம் காதுல விழலையா அது மாதிரி.

#16 கடல்காத்து

பைரன் லீ பேர எடுத்துட்டீங்களா, இப்ப பாருங்க எனக்கு பிபி ஏறும்.

1962 ஆகஸ்டு 6 ஜமைக்காவுக்கு சுதந்திரம். புது நாடு, புது கொடி, கூட ஒரு புது இசை, நேரம் அப்படியே பொருந்திடுச்சு. பாடகர் டெரிக் மார்கன் ஃபார்வர்டு மார்ச்சுன்னு பாட்டே போட்டாரு. மந்திரி எட்வர்டு சீகா, இந்தாளு முன்னாடி ரிக்கார்டு கம்பெனி வெச்சிருந்தவரு, பின்னாடி பிரதமரும் ஆனாரு, ஸ்காவ உலகத்துக்கு காட்டணும்னு 1964 நியூயார்க் உலகக் கண்காட்சிக்கு ஆளு அனுப்பினாரு. ஜிம்மி கிளிஃப், பிரின்ஸ் பஸ்டர், மில்லி ஸ்மால் எல்லாம் போனாங்க. பின்னாடி வாசிக்க யாரு? ஸ்கேட்டலைட்ஸ் இல்ல! பைரன் லீ அண்டு தி டிராகனேர்ஸ், பணக்கார ஏரியால ஹோட்டல்ல கோட்டு சூட்டு போட்டு வாசிக்கற பேண்டு. மேற்கு கிங்ஸ்டன் தெருவுல பொறந்தத குளிப்பாட்டி பவுடர் போட்டு ஃப்ளைட் ஏத்துனாங்க. பொறந்த வீட்டுக்காரன் வாசல்ல நிக்கறான்.

#17 பழையரிக்கார்டு

உண்மை தான், ஆனா பைரன் லீய வில்லனாக்க நான் ஒத்துக்க மாட்டேன். ரேடியோகாரனும் மேட்டுக்குடியும் இது சேரி சத்தம்னு மூக்க பொத்திட்டு இருந்தப்ப அந்த கதவ தொறந்ததுல அவருக்கும் பங்கு உண்டு.

அப்பறம் இந்த கதைல சீன வம்சாவளி ஆளுங்க பங்கு தனியா பேசணும். டாம் வாங் சொல்லியாச்சு. லெஸ்லி காங் பெவர்லீஸ்னு ஐஸ்கிரீம் கடை வெச்சிருந்தாரு, சின்னப் பையன் ஜிம்மி கிளிஃப் கடை பேரையே வெச்சு ஒரு பாட்டு கட்டிட்டு வந்து வாசல்ல பாடி காட்டினான், அப்டி தான் அவரு ப்ரொட்யூசர் ஆனாரு. பாப் மார்லியோட முதல் ரிக்கார்டு ஜட்ஜ் நாட் இவர் போட்டது தான். ராண்டீஸ் ரிக்கார்டு கடை வின்சென்ட் சின், அவரு மனைவி பட்ரீஷியா சின், அந்த அம்மாவுக்கு அப்பா இந்திய வம்சாவளி, அம்மா சீன வம்சாவளி. பின்னாடி நியூயார்க் போயி விபி ரிக்கார்ட்ஸ் வளத்தாங்க. இந்த விஷயத்துல அசிங்கமும் இருக்கு, டெரிக் மார்கன் பஸ்டர விட்டுட்டு காங் கிட்ட போனாருன்னு பஸ்டர் பிளாக்ஹெட் சைனாமேன்னு பாட்டு போட்டு திட்டினாரு, மார்கன் திருப்பி ஒரு பாட்டு போட்டாரு, ரசிகனுங்க தெருவுல அடிச்சிக்கற அளவுக்கு போச்சு.

#18 லூட்டன்சிவா

வணக்கம். நான் இஞ்ச லூட்டனில கனகாலமா இருக்கிறன். வந்த புதுசில ஃபேக்டரியில என்னோட வேலை செய்தவர் ஒரு ஜமைக்கா மனுசன், ஐம்பதுகளில வந்தவர், அவர் ஸ்கா எண்டு சொல்லமாட்டார், ப்ளூபீட் எண்டு தான் சொல்லுவார். எனக்கு வேற ஏதோ எண்டு நினைப்பு. பிறகு தான் விளங்கினது, எமில் ஷாலிட் எண்ட ஆள் 1960இல லண்டனில ப்ளூ பீட் எண்டு லேபிள் துவங்கி ஜமைக்கா பாட்டுகளை வெளியிட்டவர், சனம் லேபிளின்ட பேரையே பாட்டுக்கு வைச்சிட்டுது. கிறிஸ் பிளாக்வெல் 1962இல ஐலண்ட் ரெக்கார்ட்ஸை இஞ்ச கொண்டு வந்து, தன்ர மினி கூப்பர் காருக்குள்ள தட்டுகளை அடுக்கிக்கொண்டு கடை கடையாத் திரிஞ்சு வித்தவர். 1964இல மில்லி ஸ்மால் பாடின மை பாய் லாலிபாப் இஞ்சயும் அமெரிக்காவிலயும் ரெண்டாம் இடம் வரைக்கும் போனது. அந்தப் பாட்டுக்கு இசைக்கோர்ப்புச் செய்தது மேல சொன்ன எர்னஸ்ட் ராங்லின் தான். அது ஒரு அமெரிக்கப் பாட்டின்ட மறுபதிப்பு எண்டது கன பேருக்குத் தெரியாது.

இனி உங்கட ட்ரம்மர் சொன்ன கட்டம் போட்ட கதைக்கு வாறன். அது 1979, கவென்ட்ரி. கார் ஃபேக்டரியள் மூடுப்பட்டுக்கொண்டு வந்த காலம், பெடியளுக்கு வேலை இல்லை, நேஷனல் ஃப்ரன்ட்காரர் தெருவில இறங்கி நிறவெறி கதைக்கிற காலம். அங்க ஜெரி டாமர்ஸ் எண்ட கீபோர்ட்காரர் வெள்ளையும் கறுப்பும் கலந்து தி ஸ்பெஷல்ஸ் எண்டு பேண்ட் கட்டியிருந்தவர், டூ டோன் எண்டு லேபிளும் துவங்கினார். டூ டோன் எண்டா ரெண்டு நிறம், பேரே அரசியல். லேபிளில தொப்பியும் கறுப்புக் கண்ணாடியும் போட்டுக்கொண்டு ஒரு உருவம் நிக்கும், வால்ட் ஜாப்ஸ்கோ எண்டு பேர், அது வெய்லர்ஸ் பழைய ஆல்பம் அட்டையில நிக்கிற பீட்டர் டாஷைப் பார்த்துக் கீறினது. செலெக்டர், மேட்னஸ், தி பீட் எல்லாம் அந்த லேபிளில தான் முதல் தட்டுப் போட்டவை. மேட்னஸ் பேரே பிரின்ஸ் பஸ்டரின்ட பாட்டிலயிருந்து எடுத்தது.

இவையள் பழசை மறக்கேல்லை எண்டது தான் எனக்குப் பிடிச்ச விசயம். மேல தம்பி சொன்ன ரிக்கோ இருக்கிறாரே, டேண்டி லிவிங்ஸ்டன் 1967இல பாடின ரூடி, எ மெசேஜ் டு யூ எண்ட பாட்டிலயும் அவர் தான் ட்ராம்போன், பன்னிரண்டு வருசத்துக்குப் பிறகு ஸ்பெஷல்ஸ் அதே பாட்டைப் பாடேக்கையும் அவர் தான் ட்ராம்போன். தி பீட் பேண்டில சாக்ஸா எண்ட வயசான ஜமைக்கா மனுசன், பஸ்டரோட வாசிச்சவர்.

பிறகு 1981 ஜூலை. பிரிக்ஸ்டனில ஏப்ரல் மாசம் கலவரம் நடந்திட்டுது, ஜூலையில லிவர்பூல் டாக்ஸ்டெத் எண்டு ஊர் ஊரா எரியுது, அதே நேரம் ஸ்பெஷல்ஸின்ட கோஸ்ட் டவுன் மூண்டு கிழமை முதலாம் இடம். கடையள் மூடி, சனம் இல்லாத ஊரைப் பற்றிய பாட்டு. அதோட மூண்டு பேர் விலகி பேண்ட் உடைஞ்சு போச்சு.

கடைசியா ஒரு துணுக்கு. இந்த ஜெரி டாமர்ஸ் பிறந்தது எங்க தெரியுமோ? 1955இல ஊட்டியில. தகப்பன் ஆங்கிலிக்கன் பாதிரியார், அப்ப தென்னிந்தியாவில இருந்தவை, சின்னனிலயே இங்கிலாந்துக்குத் திரும்பிட்டினம்.

#19 சும்மாவந்தேன்

ஊட்டியா?!! அப்ப ஸ்காவ மறுபடி எழுப்புனது நம்ம நீலகிரி மாவட்டம். டீ வர்க்கிக்கு அடுத்து இது தான். யாராச்சும் சிலை வைங்கப்பா.

#20 பழையரிக்கார்டு

ஆரம்பிச்சிட்டாங்க. பொறந்த ஊரு ஊட்டி, பாட்டு கத்துக்கிட்டது கவென்ட்ரி, கத்துக்குடுத்தது கிங்ஸ்டன். பேசாம உக்காரு.

ஆனா எனக்கே இது தெரியாது சிவா, நன்றி. நெல்சன் மண்டேலாவ விடுதலை செய்யச் சொல்லி 1984ல வந்த பாட்டு எழுதினதும் இதே ஆளு தான்.

#21 கொட்டிவாக்கம்பேஸ்

தலை சுத்துது, சந்தோஷமா. ஒரு கேள்வி மிச்சம். ஸ்கா எப்ப ரெக்கே ஆச்சு? யாராச்சும் ஒரு நாள் காலைல எந்திரிச்சு மெதுவா வாசிங்கடான்னு சொன்னாங்களா?

#22 கடல்காத்து

1966ல ஜமைக்கால பயங்கர வெயிலாம், ஸ்காவுக்கு ஆடி ஆடி ஜனம் மூச்சு வாங்கி, கொஞ்சம் மெதுவா போடுங்கப்பான்னு கேட்டதுல ராக்ஸ்டெடி வந்துச்சுன்னு ஒரு கதை. நான் நம்பறேன்.

#23 பழையரிக்கார்டு

நான் நம்பல. ஜமைக்கால எந்த வருஷம் குளிரடிச்சுது? ஹோப்டன் லூயிஸ் டேக் இட் ஈஸி பாடினப்ப ஸ்கா வேகத்துக்கு வார்த்தை உக்காரலன்னு ஸ்டூடியோல மெதுவாக்கினாங்க, அதுல கிடார் லின் டைட், அவரு டிரினிடாட்காரர், பேஸ் வாசிக்கறதையே கிடார்லயும் கூடவே வாசிக்கற ஸ்டைல் அவரோடது. ஸ்கேட்டலைட்ஸ் கலைஞ்சாச்சு, ஏழெட்டு பேரு ஊதற பேண்டுக்கு கூலி குடுக்கறத விட நாலு பேரு போதும்னு ப்ரொட்யூசருக்கும் வசதி. எலெக்ட்ரிக் பேஸ் வந்துடுச்சு, இனிமே நடக்க வேணாம், நின்னு நின்னு பேசலாம். பேஸ் தம்பி, உங்க வாத்தியத்துக்கு ராஜ்யம் கிடைச்சது இங்க தான். 1968ல மேட்டல்ஸ் டூ தி ரெக்கேன்னு பாட்டுல பேரையே வெச்சுட்டாங்க. ராக்ஸ்டெடி மொத்தமா ரெண்டு வருஷம் தான், ஆனா என் அலமாரில பாதி இடம் அதுக்கு.

#24 ஸ்கேட்போர்டுகார்த்தி

எண்பதுகள் கடைசி, தொண்ணூறுகள பத்தி யாரும் பேசலையே? ஆபரேஷன் ஐவி, ரான்சிட், மைட்டி மைட்டி பாஸ்டோன்ஸ், ரீல் பிக் ஃபிஷ், நோ டவுட்! கிடாரிஸ்ட் சொன்னது இது தான். நான் ஸ்காவுக்குள்ள வந்ததே கம்ப்யூட்டர் கேம்ல வந்த பாட்டால.

#25 பழையரிக்கார்டு

பேசலன்னா வேணும்னே பேசல.

#26 ஸ்கேட்போர்டுகார்த்தி

இது தான் சார் பெரியவங்க பிரச்சினை. 1964ல கிங்ஸ்டன்ல மேட்டுக்குடி இது சத்தம்னு சொன்னாங்கன்னு நீங்களே மேல எழுதிட்டு இப்ப நீங்களே மூக்க பொத்தறீங்க. ஆபரேஷன் ஐவி 1987லேர்ந்து 89 வரைக்கும் தான் இருந்தாங்க, ஒரே ஒரு ஆல்பம், அதுல இருக்கற கோபம் டூ டோன்ல இருந்த அதே கோபம். நியூயார்க்ல டோஸ்டர்ஸ் பேண்டு ராப் ஹிங்லி மூன் ஸ்கான்னு சொந்த லேபிள் வெச்சு வருஷக்கணக்கா ஓட்டினாரு. ஜப்பான்ல டோக்கியோ ஸ்கா பாரடைஸ் ஆர்கெஸ்ட்ரா எண்பதுகள்லேர்ந்து இன்னும் வாசிச்சிட்டு இருக்காங்க, கோட்டு சூட்டு போட்டு பத்து பேருக்கு கிட்ட, சும்மா வெறித்தனம். மெக்சிகோல பான்டியோன் ரொகொகோ கச்சேரி வீடியோ பாருங்க, கூட்டம் கடல் மாதிரி வட்டமா சுத்தி ஓடும். அங்க இன்னிக்கும் இளவட்டத்தோட இசை.

#27 பழையரிக்கார்டு

டோக்கியோ ஆளுங்கள ஒத்துக்கறேன். மெக்சிகோ கேட்டுட்டு சொல்றேன். ஹவாய் சட்டை போட்டு ஜோக் அடிக்கற பேண்டுகள மட்டும் என்னால முடியாதுப்பா, வயசாச்சு.

#28 திசையன்விளைட்ரம்பெட்

அந்த ஜோக் பேண்டுலயும் ரெண்டு பேரு ட்ரம்பெட் வாசிக்குதான் வே. எங்களுக்கு வேலை குடுத்தவன் எவனா இருந்தாலும் நல்லவன்.

#29 கொட்டிவாக்கம்பேஸ்

ரிப்போர்ட் குடுக்க வந்தேன். ஞாயித்துக்கிழமை மதியம் ஜாம். மணி சார் சொன்ன மாதிரி எல்லாரையும் தகதிமி சொல்ல வெச்சேன், கிடாரிஸ்ட் "தி" மேல வெட்ட கத்துக்கிட்டான், ட்ரம்மர் மட்டும் ரெண்டு தடவ தடம் மாறி "த" மேல விழுந்து மொத்த பேண்டும் போல்கா மாதிரி ஆயிடுச்சு. நான் பேஸ் நடக்கறேன் நடக்கறேன் நடந்துட்டே இருக்கேன், கை விரல் கொப்புளம். ரூம்ல ஃபேன் ஓடல. இருபது நிமிஷத்துல எல்லாருக்கும் வேர்த்து ஊத்தி தானா ஸ்பீடு கொறைஞ்சு போச்சு, நானும் எல்லா தட்டுலயும் வாசிக்காம நடுநடுல விட்டு விட்டு வாசிக்க ஆரம்பிச்சேன், திடீர்னு செம சொகமா ஆயிடுச்சு. ரெக்கார்டு பண்ணி கேட்டா அது ஸ்கா இல்ல.

#30 கடல்காத்து

ராக்ஸ்டெடி!!! வெயில்!!! நான் அப்பவே சொன்னேன்!!!

#31 பழையரிக்கார்டு

நாலு பேரு, எலெக்ட்ரிக் பேஸ், ஊதற ஆளு இல்ல. அதான் காரணம். நான் இன்னும் நம்பல.

#32 திசையன்விளைட்ரம்பெட்

ஊத ஆளு வேணும்னா சொல்லுங்க தம்பி, அடுத்த மாசம் மெட்ராஸ் வாறேன். ஃபேன மட்டும் சரி பண்ணி வையுங்க.